அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்: இங்கிலாந்தில் ஜி.பி., ஆஸ்பத்திரி, மொழிபெயர்ப்பாளர்

வடலி

வயசு போன அம்மா அப்பாவை, மாமியை, பெரியம்மாவை இங்கிலாந்தில டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறவைக்காக இந்த இழை. தெரிஞ்சவை தெரிஞ்சதைச் சேருங்கோ. நான் பதிவிலயிருந்து தொடங்கிறன்.

இங்கிலாந்தில ஆரும் ஜி.பி. எண்ட குடும்ப டொக்டரிட்டப் பதியலாம். பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று ஒண்டும் கட்டாயம் இல்லை. வரவேற்பில இருக்கிறவை "கரண்ட் பில் இல்லாமல் பதிய ஏலாது" எண்டு சொன்னால், என்.எச்.எஸ். எண்ட அரசாங்க மருத்துவ சேவையின்ர விதி அப்பிடி இல்லை எண்டு பணிவாச் சொல்லுங்கோ. புது ஆக்களை எடுக்கிறதில்லை எண்டோ, உங்கட வீடு எங்கட எல்லைக்கு வெளியில எண்டோ சொன்னால் வேற இடம் பாக்கவேணும்.

படிவத்தில மொழி எண்ட இடத்தில தமிழ் எண்டு எழுதி, மொழிபெயர்ப்பாளர் தேவை எண்டதுக்கு ஆம் போடுங்கோ. கன பேர் இதை விட்டிடுகினம். "அம்மாவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் விளங்கும், நாங்களும் கூட இருக்கிறம்தானே" எண்டு நினைப்பு. பிறகு ஜி.பி. ஸ்கானுக்கோ கண்ணுக்கோ எழுதிற கடிதத்தில மொழி பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ஆஸ்பத்திரியில ஒருத்தரும் ஆளை ஒழுங்கு செய்திருக்கமாட்டினம். அண்டைக்குப் போய் நிண்டு கேட்டால் "இண்டைக்கு ஆள் இல்லை, இன்னொரு நாள் தாறம்" எண்டுதான் வரும். ஏற்கெனவே பதிஞ்சிருந்தால் வரவேற்பில சொல்லி இப்ப சேர்ப்பிக்கலாம்.

மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி காசு குடுக்கத் தேவையில்லை. புக் பண்ணும்போதே "தமிழ் இன்டர்பிரெட்டர், டபிள் அப்பாயின்ட்மென்ட்" எண்டு சேர்த்துக் கேளுங்கோ. ஒவ்வொரு வசனமும் ரெண்டு தரம் சொல்லுப்படும். பத்து நிமிசத்தில பாதி அதிலயே போயிடும்.

கோவைக்காரி

ஒரு சந்தேகம். பையனோ பொண்ணோ பக்கத்துல இருக்கும்போது வெளியாள் எதுக்கு? அம்மாவோட பேச்சு பிள்ளைக்குப் புரியற மாதிரி வேற யாருக்குப் புரியும்? முன்பின் தெரியாத ஆள் முன்னாடி அம்மா வாயைத் திறப்பாங்களா?

இடைக்குரல்

மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அம்மாவின் பேச்சு பிள்ளைக்குப் புரியும், அதில் சந்தேகமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, அம்மா மகனிடம் சொல்லாத விஷயங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே ஜி.பி.யிடம் காட்ட வேண்டும். கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் அதுவாக இருக்கலாம். மகன் நடுவில் உட்கார்ந்து "ப்ளீடிங் இருக்கா?" என்று கேட்டால், அம்மா தலையைக் குனிந்து "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். சிறுநீர் அடக்க முடியாமை, மூலம், அப்பாவின் ஆண்மைக் குறைவு எல்லாம் இந்தக் கணக்குத்தான்.

இரண்டாவது, பிள்ளை சுருக்கிவிடும். அம்மா இரண்டு நிமிடம் பேசியதை "ஷீ ஈஸ் டயர்ட்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். டாக்டர் சொன்ன பக்கவிளைவில் பாதி "அம்மா பயப்படுவாங்க" என்று விழுங்கப்பட்டுவிடும். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. "எனக்கு வலிக்கிறது" என்றால் "எனக்கு" என்றே சொல்ல வேண்டும், "அவருக்கு" என்று மாற்றக்கூடாது.

மூன்றாவது, சம்மதம். அறுவை சிகிச்சைப் படிவத்தில் அம்மா கையெழுத்திட, மொழிபெயர்த்தது பிள்ளை என்றால், அம்மாவுக்கு உண்மையில் விளங்கியதா என்று டாக்டரால் உறுதி செய்ய முடியாது. அதனால் அவர்களே தள்ளிப்போட இடமுண்டு. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பேரப்பிள்ளையை வைத்துப் பேசுவது, உயிருக்கு அவசரம் என்றால் தவிர, ஏற்கப்படுவதில்லை.

பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை என்று சொல்லவில்லை. வேலை இருக்கிறது, மொழிபெயர்ப்பு அதில் இல்லை. எப்போது தொடங்கியது, எந்த மாத்திரை, ஊரில் என்ன ஆபரேஷன், ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்பதெல்லாம் பிள்ளைக்குத்தான் தெரியும். அதை ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதி டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, அம்மா பேச இடம் விடுங்கள்.

வடலி

இடைக்குரல் சொல்றதோட ஒண்டு. புக் பண்ணும்போது எந்தத் தமிழ் எண்டும் சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்து அம்மாவுக்குத் தஞ்சாவூர் மொழிபெயர்ப்பாளர் வந்தால் ரெண்டு பேரும் நல்ல தமிழ்தான் கதைப்பினம். ஆனால் நோயைச் சொல்ற சொல்லிலதான் பிசகும்.

"எனக்குக் கன நாளா வருத்தம்" எண்டால் எங்கட ஊரில நோய். அங்கால அது மனக்கவலை. அம்மாவின்ர காய்ச்சலை மனச்சோர்வெண்டு எழுதிப்போட்டால் பிறகு அழிக்கிறது கஷ்டம். "நோ", "நோகுது" எண்டால் வலி. "சத்தி" எண்டால் வாந்தி. "வயித்தாலடி" எண்டால் பேதி. "தடிமன்" எண்டால் ஜலதோஷம். "குளிசை" எண்டால் மாத்திரை. "கை விறைக்குது" எண்டால் மரத்துப்போறது, இந்தியத் தமிழ் ஆளுக்கு அது விறைச்சு மடக்க ஏலாமல் இருக்கிறது மாதிரிக் கேக்கும். "சலம் போகேக்க எரியுது" எண்டால் சிறுநீர். சலரோகம், சீனி வருத்தம் எண்டது சுகர். பாரிசவாதம் எண்டது பக்கவாதம்.

"இலங்கைத் தமிழ்" எண்டு கேட்டால் கட்டாயம் கிடைக்கும் எண்டில்லை, ஆனால் கேக்கலாம். பெண் மொழிபெயர்ப்பாளரும் அப்பிடித்தான்.

இடைக்குரல்

ஒரே ஊருக்குள்ளும் பிசகும் சொற்கள் இருக்கின்றன. வீட்டிலேயே அம்மாவிடம் பிரித்துக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

மயக்கம். இந்த ஒரு சொல்லுக்குள் நான்கு விஷயம் இருக்கிறது: அறை சுற்றுகிறதா, கண் இருட்டி விழப்போகிற மாதிரியா, உண்மையிலேயே நினைவு தப்பியதா, வெறும் அசதியா. அறை சுற்றினால் காதைப் பார்ப்பார்கள். எழுந்து நின்றதும் கண் இருட்டினால் ரத்த அழுத்த மாத்திரையைப் பார்ப்பார்கள். நினைவு தப்பியிருந்தால் இதயத்தையும் மூளையையும் பார்ப்பார்கள். "டிஸ்ஸி" என்று ஒரே சொல்லில் சொன்னால் எந்தப் பாதையில் போவது என்று டாக்டருக்குத் தெரியாது.

வாயு. "நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு" என்று சொல்வது பெரியவர்களின் வழக்கம். அதை "கேஸ்" என்று மொழிபெயர்க்காதீர்கள். நெஞ்சில் எங்கே, அழுத்துகிறதா எரிகிறதா, நடந்தால் கூடுகிறதா, தோளுக்கோ தாடைக்கோ ஏறுகிறதா, வியர்க்கிறதா என்று கேளுங்கள். இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் ஜி.பி.க்குக் காத்திருக்கவே கூடாது, அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

இளைப்பு. "இளைக்குது" என்றால் மூச்சு வாங்குகிறது. "இளைச்சுப் போயிட்டேன்" என்றால் எடை குறைந்தது.

கட்டி. சீழ்க்கட்டி, கொழுப்புக் கட்டி, புற்றுக் கட்டி எல்லாமே நமக்குக் கட்டிதான். டாக்டர் சொன்னது எந்தக் கட்டி என்று திருப்பிக் கேளுங்கள். ரத்தக்கட்டு வேறு, ரத்த உறைவு வேறு. அடிபட்டு நீலமாவது முன்னது, காலிலோ நுரையீரலிலோ குழாயை அடைப்பது பின்னது.

வலிக்கு "பத்துக்கு எத்தனை" என்று கேட்பார்கள். நம் பெரியவர்கள் எலும்பு முறிந்தாலும் "பரவாயில்ல, ஒரு மூணு" என்பார்கள். எண்ணை விட்டுவிட்டு வேலையைக் கேட்கலாம்: சோறு பிசைய முடிகிறதா, கைப்பிடி இல்லாமல் படி ஏற முடிகிறதா, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் கெடுகிறது. தோள்வலிக்கு, தலைமுடியை அள்ளிக் கொண்டை போட கை மேலே போகிறதா என்பது எந்த எண்ணையும் விடத் தெளிவான விடை.

மாத்திரைப்பெட்டி

மருந்தாளர் பார்வையில் சிலது. அதிகம் தப்பு நடப்பது ஊரிலிருந்து கொண்டுவரும் மாத்திரையில்தான்.

நம் ஊர் மாத்திரைகளில் இரண்டு மருந்து சேர்ந்தது நிறைய. கிளைக்கோமெட் ஜி.பி. என்பது மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும். டெல்மா ஏ.எம். என்பது டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும். எக்கோஸ்பிரின் ஏ.வி. என்பது ஆஸ்பிரினும் அடோர்வாஸ்டாட்டினும். இங்கே ஜி.பி. அம்லோடிபினைத் தனியாக எழுதிக் கொடுப்பார். அம்மா ஊர்ப் பட்டையையும் விடமாட்டார், இதையும் போடுவார். அம்லோடிபின் இரட்டிப்பாகிக் கால் வீங்கும், அந்த வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை வரும். அதனால் பட்டியல் எழுதும்போது பிராண்ட் பெயர் மட்டும் போதாது. பட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். முடிந்தால் பட்டையையே கொண்டு போங்கள்.

டோலோ 650, பனடோல், இங்கே கடையில் வாங்கும் பாரசிட்டமால், கோ-கோடமால், சளிக்குக் கரைத்துக் குடிக்கும் தூள் பலவற்றிலும் இருப்பது ஒரே பாரசிட்டமால். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராம்தான் உச்சம், அதாவது 500 மில்லிகிராமில் 8. அம்மாவின் எடை 50 கிலோவுக்குக் கீழ் என்றால் அதைவிடக் குறைவு, மருந்தாளரிடம் கேளுங்கள்.

அளவுகளும் மாறும். ஊரில் சர்க்கரை மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல். ஊர் எண்ணை 18-ஆல் வகுத்தால் இங்கத்திய எண்: 126 என்பது 7, 180 என்பது 10. 4-க்குக் கீழே போனால் தாழ் சர்க்கரை, ஊர்க் கணக்கில் சுமார் 72. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. ஊரில் சதவீதம், இங்கே வேறு அலகு: 7 சதவீதம் 53, 8 சதவீதம் 64, 9 சதவீதம் 75. சிறுநீரகச் சோதனையான கிரியாட்டினினின் ஊர் எண்ணை 88.4-ஆல் பெருக்க வேண்டும், 1.2 என்பது 106. ஹீமோகுளோபின் பத்து மடங்கு, 11 என்பது 110. "அம்மாவுக்குக் கிரியாட்டினின் 106-ஆ!" என்று நள்ளிரவில் ஊருக்குப் போன் போடுவது இதனால்தான்.

ஊர்ச் சீட்டில் 1-0-1 என்று இருப்பதை இங்கே யாரும் எழுதமாட்டார்கள். "ஒன் ட்வைஸ் எ டே" என்றுதான் லேபிள் வரும். டப்பா மேல் வெள்ளை டேப் ஒட்டி "காலை 1, இரவு 1, சாப்பிட்ட பிறகு" என்று தமிழில் எழுதுங்கள். எழுத்து தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் வரைந்தால் போதும். தைராய்டு மாத்திரைக்குத் தனியாக "காபிக்கு அரை மணி முன்னாடி, வெறும் வயிறு" என்று எழுதுங்கள். எழுந்ததும் காபியோடு போடுவதால் மருந்து சரியாக உறிஞ்சப்படாமல் அளவு ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம்.

சித்த, ஆயுர்வேத மருந்துகளை மறைக்கவே கூடாது. பற்பம், செந்தூரம் என்று பெயர் வந்தால் அதில் உலோகம் இருக்கக்கூடும். ஈயம் சேர்ந்து ரத்தசோகையும் வயிற்றுவலியும் வந்தால், அந்த டப்பாவைப் பார்க்காத வரை டாக்டருக்குக் காரணம் தெரியாது. திட்டுவார்கள் என்று அம்மா பயப்படுவார். "ஹெர்பல்" என்று மட்டும் சொல்லாமல் டப்பாவை மேசைமேல் வையுங்கள்.

இங்கிலாந்தில் 60 வயது ஆனவர்களுக்கு மருந்துச் சீட்டு இலவசம்.

கோவைக்காரி

விளக்கத்துக்கு நன்றி, கருத்தை மாத்திக்கிட்டேன். விரதம் பத்தி யாராவது சொல்லுங்க. சுகர் இருக்கறவங்க ஏகாதசி, சஷ்டின்னு இருக்காங்க. டாக்டர்கிட்ட சொன்னா விடச் சொல்லிடுவாங்கன்னு சொல்லவே மாட்டேங்கறாங்க.

மாத்திரைப்பெட்டி

விரதத்துக்கு இரண்டு வாரம் முன்பே டயபெடிஸ் நர்ஸிடம் சொல்லுங்கள். ரம்ஜான் நோன்புக்கு மருந்து மாற்றித் தருவது அவர்களுக்குப் பழக்கம், கந்த சஷ்டி என்றால்தான் தெரியாது. "ஆறு நாள், ஒருவேளை உணவு" அல்லது "தண்ணீர் மட்டும்" என்று எப்படி இருப்பார் என்பதைச் சொல்லுங்கள், பெயர் முக்கியமில்லை.

கிளிக்கிளசைடு, கிளிமிப்பிரைடு, இன்சுலின்: சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை சரியும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்: பட்டினியில் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறும், மீட்டரில் சர்க்கரை அதிகமில்லாமல் இருக்கும்போதே ஆபத்து வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் அது விரத அசதி இல்லை. எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை 4-க்குக் கீழே போனால் விரதத்தை அந்த நொடியே முடிக்க வேண்டும் என்று அம்மாவிடமே முன்கூட்டிச் சம்மதம் வாங்கி வையுங்கள்.

இளநீரும் கவனம். சிறுநீரகம் பலவீனமானவருக்கு, ராமிப்பிரில் அல்லது ஸ்பைரோனோலாக்டோன் போடுபவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஏறும். "நிறையத் தண்ணீர் குடிங்க" என்ற அறிவுரையை வீட்டில் இளநீராக மாற்றிவிடுவார்கள்.

மூன்றாம்மாடி

வார்டில் வேலை செய்பவர்கள் கேட்காமல் விடும் சில விஷயங்கள்.

சாப்பாடு. "சைவம்" என்று சொன்னால் தமிழ்நாட்டவருக்கு மரக்கறி. இலங்கை ஆள் "நாங்கள் சைவம்" என்றால் சமயத்தைச் சொல்லக்கூடும், அவர் மீன் சாப்பிடுவார். மரக்கறிச் சாப்பாட்டையே நாலு நாள் பார்த்து ஒருவர் சோர்ந்துபோவதற்கு இந்த ஒரு சொல் போதும். மறுபக்கம், இங்கே "வெஜிடேரியன்" என்றால் முட்டை உண்டு. முட்டையும் ஆகாது என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். கேப்ஸ்யூல் கூடு ஜெலட்டின், விலங்கிலிருந்து வருவது. மாத்திரை வடிவம் உண்டா என்று கேட்கலாம். ரத்தம் உறையாமல் வயிற்றில் போடும் ஹெப்பாரின் வகை ஊசி பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. ஆட்சேபம் இருந்தால் ஃபோண்டாபாரினக்ஸ் என்ற மாற்று இருக்கிறது, எல்லாருக்கும் பொருந்தாது. தெரிந்தே அதை ஏற்றுக்கொள்பவர்களும் உண்டு. முடிவு அம்மாவுடையது.

தலையாட்டல். பக்கவாட்டில் ஆட்டினால் நமக்கு "சரி", அவர்களுக்கு "இல்லை". "சரி சரி" என்று அம்மா சொல்வது "கேட்டுக்கொண்டேன்" என்றுதான், "சம்மதம்" என்று எடுத்துக்கொள்ள முடியாது. "புரிஞ்சுதா?" என்று கேட்க வேண்டாம், எல்லாரும் "புரிஞ்சுது" என்றே சொல்வார்கள். "வீட்டுக்குப் போய் இந்த இன்ஹேலரை எப்படி இழுப்பீங்க, செஞ்சு காட்டுங்க" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகவே கேட்கச் சொல்லுங்கள்.

நினைவாற்றல் சோதனைக்குப் போனில் மொழிபெயர்ப்பு போதாது, நேரில் ஆள் வேண்டும் என்று வற்புறுத்துங்கள். ஆங்கிலச் சோதனையை வரிக்கு வரி தமிழாக்கினால் படிக்காத பாட்டிக்கு மதிப்பெண் தானாகக் குறையும். ருடாஸ் என்ற சோதனை பல பண்பாட்டினருக்காக ஆஸ்திரேலியாவில் உருவானது. அது கிடைக்குமா என்று கேளுங்கள். பிள்ளை பக்கத்தில் இருந்தால் விடையை உதட்டசைத்துச் சொல்லக்கூடாது. பாசத்தில் செய்வதுதான், ஆனால் நோய் ஒளிந்துகொள்ளும்.

வடலி

"அம்மாவுக்குக் கான்சர் எண்டு சொல்லாதேங்கோ" எண்டு டொக்டரிட்டக் கேக்கிறவைக்கு ஆராவது சொல்லுங்கோ.

மூன்றாம்மாடி

கேட்கலாம், ஆனால் குடும்பம் கேட்டதற்காக மறைக்கமாட்டார்கள். தன் நோயை அறியும் உரிமை அம்மாவுடையது. மொழிபெயர்ப்பாளரிடம் ரகசியமாக "அந்தச் சொல்லை விட்டுடுங்க" என்பதும் நடக்காது, அவர் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

நடக்கக்கூடியது ஒன்று உண்டு. பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே டாக்டர் அம்மாவிடம் கேட்கட்டும்: "முடிவு வந்ததும் எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லவா, பிள்ளையிடம் சொல்லவா?" "எனக்கு எதுக்கு, மகள்கிட்ட சொல்லுங்க" என்று அம்மாவே சொன்னால் அது குறிப்பேட்டில் ஏறும், அதன்படி நடப்பார்கள். நம் குடும்ப வழக்கத்துக்கு இடம் இருக்கிறது, அதை அம்மாவின் வாயால் கேட்க வேண்டும் என்பதுதான் வேறுபாடு.

டி.என்.ஏ.சி.பி.ஆர். என்ற தாள் வரும்போது வீட்டில் "கைவிட்டுட்டாங்க" என்று அழுகை. அதன் பொருள், இதயம் நின்றுபோனால் மார்பை அழுத்தி மீட்க முயல்வதில்லை என்பது மட்டுமே. ஆன்டிபயாட்டிக், ஆக்ஸிஜன், வலி மருந்து, சாப்பாடு எதுவும் அதனால் நிற்காது. இந்தப் பேச்சுக்கு முன்னால் மொழிபெயர்ப்பாளரிடம் டாக்டர் இரண்டு நிமிடம் தனியாக விஷயத்தை விளக்கும்படி கேளுங்கள். அதற்குத் தமிழில் ஆயத்தமான சொல் இல்லை, தடுமாறினால் கேட்பவர் நெஞ்சு பதறும்.

இன்னொன்று. "நெக்ஸ்ட் ஆஃப் கின்" (நெருங்கிய உறவினர்) என்று பெயர் கொடுத்தால் சட்டப்படி முடிவெடுக்கும் அதிகாரம் வந்துவிடாது. அந்த அதிகாரத்தைத் தரும் பத்திரமான, உடல்நலத்துக்கான லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னியை அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிப் பதிவு செய்ய வேண்டும். மறதி முற்றிய பிறகு முடியாது.

தேம்ஸ்கரை

சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு: ஜி.பி.யைப் பார்ப்பதும் ஏ அண்ட் ஈ என்ற அவசரப் பிரிவில் முதல் சிகிச்சையும் இலவசம். வார்டில் சேர்த்தால் அதிலிருந்து கட்டணம், என்.எச்.எஸ். செலவில் 150 சதவீதம். இந்தியாவுடனோ இலங்கையுடனோ இதற்கு ஒப்பந்தம் இல்லை, பயணக் காப்பீடு எடுத்தே வரவேண்டும். ஏற்கெனவே உள்ள சுகர், பிரஷரை மறைத்து எடுத்த பாலிசி பணம் தராது. 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி இரண்டு மாதம் நின்றால் அடுத்த விசா மறுக்கப்படலாம், தவணை கேளுங்கள். உயிர்காக்கும் சிகிச்சையைப் பணத்துக்காக நிறுத்தமாட்டார்கள். பில்லுக்குப் பயந்து மாரடைப்போடு வீட்டில் இருக்க வேண்டாம்.

அம்மா வீட்டில் தனியாக இருந்தால், என்.எச்.எஸ். ஆலோசனை எண்ணான 111-ஐ அழுத்தி "இன்டர்பிரெட்டர், தமிழ்" என்று இரண்டு சொல் சொல்லிக் காத்திருக்கக் கற்றுக்கொடுங்கள். வீட்டு எண்ணையும் போஸ்ட்கோடையும் பெரிய எழுத்தில், ஆங்கில எழுத்தின் ஒலியைத் தமிழில் எழுதி, போன் பக்கத்தில் ஒட்டுங்கள்.

கோவைக்காரி

மொழிபெயர்ப்பாளர் நம்ம கோயில்ல பார்க்கிற ஆளா இருந்துட்டா? ஊரெல்லாம் பரவிடுமேன்னு பயப்படறாங்க.

இடைக்குரல்

நியாயமான பயம். நாங்கள் ரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்கள், ஆனாலும் முகம் தெரிந்தால் வாய் அடைபடும். போன் வழி மொழிபெயர்ப்பு கேளுங்கள். வேறு ஊரில் இருப்பவர் பேசுவார், அம்மாவின் பெயரைச் சொல்லாமலே நடத்தலாம். காது மந்தமானால் ஸ்பீக்கரை அம்மா பக்கம் திருப்பி வையுங்கள், டாக்டர் பக்கம் வேண்டாம். நேரில் வந்தவர் தெரிந்த ஆள் என்றால், தொடங்கும் முன் "வேறு ஆள் வேண்டும்" என்று சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. புக் செய்த ஆள் வராவிட்டாலும் "பரவாயில்லை, நானே சொல்றேன்" என்று முந்தாதீர்கள். அங்கேயே போனில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் ஆஸ்பத்திரியிலுள்ள பால்ஸ் (நோயாளிகளின் குறைகளைக் கேட்டு உதவும்) அலுவலகத்தில் சொல்லலாம்.

கோவைக்காரி

கடைசியா ஒண்ணு. எம்.ஆர்.ஐ.க்குத் தாலியைக் கழட்டச் சொல்றாங்க. அம்மா மாட்டேன்னா?

மூன்றாம்மாடி

தங்கமானாலும் உள்ளே போகக்கூடாது, சூடாகலாம், படத்தையும் கெடுக்கும். முதல் நாளே வீட்டில் மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொண்டு, தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு வரலாம். கயிறு பருத்திதான், உலோகம் இல்லை என்று ஊழியரிடம் சொல்லிக் காட்டுங்கள். அறுவை சிகிச்சை என்றால் டேப் போட்டு ஒட்டிக்கொள்ள விடுவார்களா என்று முன்னாலேயே கேளுங்கள், அறுக்கும் இடத்தைப் பொறுத்தது.

தாலியை விட ஆபத்தானது அதில் தொங்கும் ஊக்கு. கொடியில் நாலைந்து ஊக்கு கோத்து வைத்திருப்பார்கள், ரவிக்கையில் ஒன்று, சேலைத் தலைப்பில் ஒன்று. காந்தம் இழுப்பது அந்த இரும்பைத்தான். "நகை ஏதாவது?" என்று கேட்டால் ஊக்கை யாரும் நகையில் சேர்க்கமாட்டார்கள். அப்பாவுக்கென்றால் அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து. உடை மாற்றும் அறையில் திரை போட்டபின் கையால் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள்.